நிலத்தை விற்று மருத்துவ இடம் வாங்க வேண்டாம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவர், இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்காத மகளுடன் சென்ற வாரம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார். ஓமலூர்ப் பக்கத்து நிலத்தை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடலாம் என்பது மைத்துனரின் யோசனையாம். மனம் தளர வேண்டாம் என்று தொடங்கிய நான், நிலத்தை விற்கவே கூடாது என்று வாதாட நேர்ந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மருத்துவப் படிப்பின் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தாண்டுகிறது. அதில் ஒரு தவணையைக்கூட மைத்துனர் கட்டப்போவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு உயிரியலில் பிடித்தது நரம்பு மண்டலப் பாடம் மட்டுமே. கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகள். "ஒரு நியூரான் துடிப்பதைப் பாடம் விளக்குகிறது, ஆயிரம் நியூரான்கள் சேர்ந்து துடித்தால் என்ன ஆகும் சார்?" என்று கேட்டாள். அக்கேள்விக்கென்றே கணித நரம்பியல் என்று ஒரு துறை இருக்கிறது.

அடியில் ஓட்டையுள்ள குடத்தில் நீர் விழுவதுபோல நியூரானில், அதாவது நரம்புச் செல்லில், மின்னழுத்தம் ஏறியும் கசிந்தும் கொண்டிருக்கும். ஓர் எல்லையைத் தொட்டதும் மின் துடிப்பு எழும், பிறகு குடம் காலியாகும். மின்னழுத்தம் ஏறுவதையும் கசிவதையும் பிரெஞ்சு விஞ்ஞானி லப்பீக் 1907இலேயே மின்தேக்கியும் மின்தடையும் கொண்ட சுற்றாக எழுதினார். பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஹாட்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணவாய் மீனின் பெருநரம்பை அளந்து துடிப்பையே சமன்பாடுகளாக்கினர். ஆனால் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன; ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதித் தீராது. ஆகவே 1972இல் வில்சன், கோவன் என்ற ஆய்வாளர்கள் நியூரான்களைத் தூண்டும் கூட்டம், அடக்கும் கூட்டம் என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பங்கு துடிக்கிறது என்பதை மட்டும் பின்தொடர்ந்தனர். இரு கூட்டங்களின் இழுபறியில் அலைகள் பிறக்கின்றன. வலிப்பு நோயில் நியூரான்கள் ஒருசேரத் துடிப்பதை ஆராயவும் இவ்வகைக் கணக்கு உதவுகிறது.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், உடன் நிகழ்தகவும் பைத்தான் நிரலும், பிறகு எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வெழுதி ஐ.ஐ.டி. ஒன்றில் எம்.எஸ்சி. என்பதே நான் சொன்ன வழி. அதன்பின் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் ஆய்வு செய்யலாம். தகுதி பெற்ற இளநிலை ஆய்வாளருக்கு 2023இலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. முழுதும் முடியப் பத்தாண்டு ஆகும், ஆய்வுப் பணியிடங்களும் குறைவு என்பதை மறைக்கவில்லை. ஆனால் எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் தரவுப் பகுப்பாய்வு வேலைக்குப் போகலாம், தலைக்குமேல் கடன் இராது.

"சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?" என்றார் தந்தை. மகளின் விருப்பத்துக்கு முன் அவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை என்றேன். நியூரான் கூட்டங்களைக் கணினியில் இயக்கிப் பார்க்க உதவும் பிரையன் என்ற மென்பொருள் இலவசம். பட்டறைக் கணக்கு எழுதும் கணினியிலேயே அதை நிறுவிக்கொண்டு, ஒரு மாதம் அவள் அதில் உட்கார்ந்து பார்க்கட்டும். அதுவரை நிலத்துக்கு முன்பணம் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.