15 மி.மீ. டாங்கிகளுக்குக் கண்ணை உறுத்தாத நிலைக்குறிகள்

வணக்கம். மேசைமேல் ஆடும் போர் விளையாட்டில், 15 மி.மீ. அளவு (ஆள் பொம்மையின் உயரம் சுமார் 15 மி.மீ.) ஷெர்மன் டாங்கிப் பொம்மைகள் மேல் அவற்றின் நிலையைக் காட்டும் சிவப்பு, மஞ்சள் வில்லைகளை வைத்தால் இரண்டாம் உலகப்போரின் நார்மண்டிக் களத்தின் அழகே கெடுகிறது, வைக்காவிட்டால் எது சேற்றில் சிக்கியது, எதிலிருந்து ஆட்கள் வெளியேறினார்கள் என்பது மறந்துபோகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் களத்தில் இயல்பாகக் கிடக்கக்கூடிய பொருளையே குறியாக்குங்கள்.

சேற்றுக்கு, 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டைக் கோணல்மாணலாக நறுக்கி, பிவிஏ எனும் வெள்ளைப் பசையும் மணலும் குழைத்துப் பூசுங்கள். காய்ந்ததும் அடர்பழுப்பு, அதன்மேல் பளபளப்பு வார்னிஷ். அசல் ஈரச்சேறுதான். சங்கிலிப்பட்டைக்கு முன்னால் வைத்தால் போதும்; சிக்கிய வண்டி நகராது என்பதால் குறியை இழுத்துக்கொண்டு போகிற வேலையும் இல்லை.

ஆட்கள் வெளியேறியதற்கு எனக்கு மிகவும் பிடித்த வழி, எதையும் சேர்க்காமல் ஒன்றை எடுத்துவிடுவது. டாங்கியின் பீரங்கிக் கோபுரத்தில் திறந்த மூடிக்குள் 2 மி.மீ. நியோடிமியம் காந்தம் (சிறிய, வலுவான காந்தம்) ஒன்றை ஒட்டுங்கள். கமாண்டர் பொம்மையின் அடியில் இன்னொரு காந்தம் வேண்டாம், குண்டூசியில் வெட்டிய இரும்புத் துண்டு போதும். துருவம் மாறி ஒட்டிவிடுகிற தொல்லையே வராது. ஆள் இருந்தால் வண்டி இயங்குகிறது, இல்லையென்றால் காலி. ஆனால் மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து இது தெரியாது. அதனால் பதுங்கியிருக்கும் வீரர் இருவரைச் சிறு தளத்தில் ஒட்டி வண்டிக்குப் பின்னால் வையுங்கள். ஆட்டத்துக்கு முன்பே எதிராளியிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், எரிந்த வண்டிக்குக் கறுப்புத் தெளித்த பஞ்சு போதும்.