ரிமோட்டை எப்போது எடுக்கிறீர்கள்?

கேள்வி: இரவு 8 மணித் தொடரை மாமியார், நான், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் மூவரும் சேர்ந்து பார்ப்போம். முதலிரவு, முத்தம் என்று வந்தால் கூச்சத்தில் சேனலை மாற்றிவிடுவேன். போன வாரம் நாயகிக்கு நாயகன் பலவந்தமாகத் தாலி கட்டினான். "இனிமேல் அவன்தானே இவளுக்குக் கணவன்?" என்று மகள் கேட்டாள். "ஆமாம்" என்றார் மாமியார். கேபிள் இணைப்பைத் துண்டித்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் அம்மா. துண்டித்தால் மாமியார் பக்கத்து வீட்டில் போய்ப் பார்ப்பார். மகளுக்குக் கைபேசி இருக்கவே இருக்கிறது.

முத்தத்துக்கு ரிமோட்டைத் தேடுகிற நீங்கள், தாலிக் காட்சியை மட்டும் முழுதாக ஓடவிட்டிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அதுதான். மனமொத்த இருவர் கட்டியணைத்துக்கொண்டால் பிள்ளைக்குக் கூச்சம் வரும், அவ்வளவே. இங்கே ஒரு பெண் அழ அழ அவள் கழுத்தில் கயிறு ஏறுகிறது, பின்னணியில் கெட்டிமேளம் வேறு! சில வாரங்களில் அவளே அவனைக் காதலிக்கத் தொடங்கிவிடுவாள். எத்தனை தொடர்களில் பார்த்துவிட்டோம்.

அரசின் அக்கறையும் ஏறக்குறைய உங்கள் ரிமோட்டைப் போலத்தான். 2017 டிசம்பரில் ஆணுறை விளம்பரங்களை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான நேரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். கட்டாயத் தாலி எட்டு மணிக்கே வந்துவிடுகிறது.

மகளின் கேள்வியை மாமியாரின் பதிலோடு விட்டுவிடாதீர்கள். பலவந்தத்தால் சம்மதம் பெற்ற திருமணத்தை ரத்து செய்யக் கோரி அந்தப் பெண் நீதிமன்றம் போகலாம் என்று 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமே சொல்கிறது. மாமியார் முன்னிலையிலேயே சொல்லுங்கள். அவரோடு சண்டை வேண்டாம். அவர் காலத்தில் அவருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சேனலுக்கும் எழுதுங்கள். குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகள் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகளில் இருக்கிறது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சேனல் 15 நாளுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். திருப்தி இல்லையென்றால், 2011 முதல் இயங்கும் ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் கவுன்சில் போன்ற, சேனல்களே அமைத்துக்கொண்ட சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். "ஒரே ஆபாசம்" என்று மொத்தமாக எழுதினால் குப்பைக்கூடைக்குத்தான் போகும். தொடரின் பெயர், தேதி, நேரம், அந்தக் காட்சியில் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.