பாலக்கோட்டு டீச்சருக்குச் செடான் சரிப்படுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை, தினமும் தர்மபுரி போய் வருகிறேன். 12 வருஷமாக ஒரு சின்ன கார் ஓடுகிறது, இனி மாற்றியாக வேண்டும். வீட்டில் 5 பேர். மாமியாருக்கு முழங்கால் வலி. மூத்த மகள் பெங்களூரில் படிக்கிறாள், மாதம் ஒரு தடவை போய் வருவோம். 2 ஏக்கர் மாந்தோப்பும் இருக்கிறது. கையில் 10 லட்சம். மாருதி டிசையர் மாதிரி ஒரு காம்பாக்ட் செடான், அதாவது பின்னால் தனி டிக்கி உள்ள சின்ன கார், வாங்கலாம் என்று நினைக்கிறேன். "இந்தக் காலத்தில் எவன் அண்ணி செடான் வாங்குறான், எஸ்யூவி எடுங்க" என்கிறார் கொழுந்தனார். நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

பதில்: டீச்சர், நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தில்தான் பதில் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து தார் ரோடு வரைக்கும் பாதை எப்படி?

பட்டறையில் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று பார்த்தாலே, அது எந்த மாதிரி ஊரிலிருந்து வருகிறது என்று பாதி சொல்லிவிடலாம். டவுன் வண்டி என்றால் அடியில் தூசி மட்டும் இருக்கும். டிராக்டர் போய்ப்போய் இரண்டு பக்கமும் பள்ளமாகி நடுவில் மேடு விழுந்த பாதையில் ஓடும் செடானுக்கு, சைலன்சர் குழாயின் நடுப்பகுதி தேய்ந்து பளபளவென்று வெள்ளி மாதிரி மின்னும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தட்டான ஆயில் சம்ப்பின் முன் விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும். போன மழைக்காலத்தில் வந்த ஒருவர், "டொக்குன்னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணும் தெரியலை" என்றார். சம்ப் கிழிந்து ஆயில் கொட்டியிருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தும் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டியிருக்கிறார், எஞ்சின் பிடித்துக்கொண்டது. அடிபட்டதற்கு இன்சூரன்ஸ் கிடைக்கும். அடிபட்ட பிறகும் ஓட்டிக் கெடுத்த எஞ்சினுக்குச் சாதாரண பாலிசியில் கிடைக்காது. அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

அதனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பள்ளியில் பிள்ளைகள் வைத்திருக்கும் அரை அடி ஸ்கேல், 15 சென்டிமீட்டர், அது ஒன்று போதும். டிசையரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவில் 163 மில்லிமீட்டர்தான், அதாவது அந்த ஸ்கேலை நிறுத்தினால் அதற்கு மேல் ஒரு விரல்கடை. ஹோண்டா அமேஸ் 172. இதெல்லாம் காலி வண்டியின் கணக்கு. 5 பேர் ஏறி டிக்கியில் மூட்டையும் வைத்தால் வண்டி சுலபமாக 3, 4 சென்டிமீட்டர் இறங்கிவிடும். உங்கள் பாதையில் சக்கரத் தடத்தில் ஸ்கேலை நிறுத்தி, நடு மேடு எவ்வளவு உயரம் வருகிறது என்று பாருங்கள். 8, 9 சென்டிமீட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை. 12-ஐத் தாண்டினால் கொழுந்தனார் சொல்வதைக் கேளுங்கள். மழைக்குப் பிறகு இன்னொரு தடவையும் அளக்க வேண்டும், ஏனென்றால் மேடு அதேதான், தடம் இன்னும் ஆழமாகியிருக்கும்.

பாதை சரி என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

முதலில் இந்த வண்டிகளின் வடிவத்தைப் பற்றி. பின்னால் வெட்டி ஒட்டினது போல ஒரு குட்டி டிக்கி இருக்கிறதே, அது அழகுக்காக வைத்ததில்லை, வரிக்காக வந்தது. 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் எஞ்சின், இப்படி இருந்தால் வரி குறைவு என்று 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்தது. 2008-ல் டாடா இண்டிகோ சிஎஸ் அந்தக் கணக்குக்குள் முதலில் வந்தது. 2012-ல் டிசையரும் வாலைக் குறைத்துக்கொண்டது. அந்த எல்லைக்கோடு இன்றைக்கும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் வரும் பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன்பு செஸ்ஸோடு சேர்த்து 29.

இந்தக் குட்டி டிக்கி அளவில் ஒன்றும் மோசமில்லை. டிசையரில் 382 லிட்டர், ஹூண்டாய் ஆராவில் 402, அமேஸில் 416, டாடா டிகோரில் 419. ஆனால் லிட்டர் கணக்கைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உங்களுக்கு மாங்காய் ஏற்ற வேண்டும். செடானில் டிக்கியின் உள்ளே இடம் இருக்கும், வாய் சின்னது. மூட்டை வளைந்து கொடுக்கும், உள்ளே போய்விடும். பிளாஸ்டிக் கிரேட் வளையாது. ஒன்று போகும், இரண்டாவதைச் சாய்த்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, கடைசியில் பின் சீட்டில் வைப்பீர்கள். பெரும்பாலான செடான்களில் பின் சீட்டு மடங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் ஓட்டும் சின்ன காரில் பின் சீட்டை மடக்கி நாலு கிரேட் போட்டுப் பழகியிருந்தால் அது கண்டிப்பாகக் குறையாகத் தெரியும். மண்டிக்குப் போகிற சரக்கு எப்படியும் மினி லாரியில்தான் போகும், காரில் உறவுக்காரர்களுக்குக் கொடுக்கிற இரண்டு மூட்டைதான் என்றால் இது பிரச்சினையே இல்லை. இன்னொரு வசதி, டிக்கி தனி அறை என்பதால் பழுத்த பழமும் பலாவும் வைத்துக்கொண்டு பெங்களூர் வரைக்கும் போனாலும் உள்ளே வாசம் ஏறாது. மூக்கு உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயம்.

எஸ்யூவி என்று கொழுந்தனார் சொல்வது இந்த விலைக்கு டாடா பஞ்ச், ஹூண்டாய் எக்ஸ்டர், மாருதி ஃப்ரான்க்ஸ் மாதிரியான வண்டிகளைத்தான் இருக்கும். உண்மையைச் சொன்னால் அவை உயரம் கூட்டிய சின்ன கார்கள். அதற்காகத் தள்ளிவிட முடியாது. தரை இடைவெளி 185, 190 மில்லிமீட்டர் வருகிறது. எக்ஸ்டரின் டிக்கி 391 லிட்டர், டிசையரைவிட அதிகம். எங்கே செடான் ஜெயிக்கிறது என்றால் பின் சீட்டில், அப்புறம் ரோட்டில். பின்னால் கால் நீட்ட இடம் செடானில் தாராளம். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும்போது வரும் வளைவுகளில் தாழ்வான வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும், உயரமான வண்டி சாயும். பின்னால் உட்கார்ந்த பிள்ளைக்கு வாந்தி வருமா வராதா என்பதை இந்தச் சாய்வு பாதி முடிவு செய்கிறது.

ஆனால் உங்கள் மாமியார் செடானுக்கு எதிர்க்கட்சி. முழங்கால் வலிக்காரர்களுக்குத் தாழ்ந்த சீட்டில் இறங்கி உட்காருவதும் கஷ்டம், அதைவிடக் கஷ்டம் எழுவது. ஸ்டூலில் உட்காருகிற மாதிரி இருந்தால் அவர்களுக்குச் சுகம், பலகையில் உட்காருகிற மாதிரி இருந்தால் வேதனை. இதை அளந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஷோரூமுக்கு அவரையும் அழைத்துப் போய் முன் சீட்டில் ஒரு தடவை, பின் சீட்டில் ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். பின் கதவில் கூரை சரிந்து வருவதால் தலை இடிக்கும், கவனம். முன் சீட்டின் உயரத்தைக் கூட்டும் வசதி பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம் மட்டும்தான் இருக்கும். எந்த மாடல் என்று அவர் எழுந்திரிக்கும்போது முகத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

எஞ்சின் விஷயத்துக்கு வருவோம். இந்த வகையில் இப்போது டீசல் இல்லை. 2020 ஏப்ரலோடு மாருதி டீசலை நிறுத்தியது, மற்றவர்களும் பின்னாலேயே நிறுத்திவிட்டார்கள். புது டிசையரில் 3 சிலிண்டர், 82 குதிரைத்திறன். அமேஸில் 4 சிலிண்டர், 90. சிக்னலில் நிற்கும்போது 3 சிலிண்டரின் அதிர்வு ஸ்டியரிங்கில் லேசாகத் தெரியும், சிலருக்கு அது பொருட்டே இல்லை. மைலேஜில் டிசையர் ராஜா. கம்பெனி கணக்கு லிட்டருக்கு 24.79, அமேஸ் 18.65. கம்பெனி கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் தர்மபுரி ஓட்டத்தில், ஏசி போட்டு, இருபது சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில், டிசையர் 18 முதல் 20 கொடுத்தால் நல்ல வண்டி என்று சொல்வேன்.

5 பேரோடு சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் கணவாயில் ஏற வேண்டும். எந்த 1.2 லிட்டர் வண்டியும் அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கும். மூன்றாவது கியருக்கு முன்கூட்டியே இறங்கிவிட்டால் ஏறிவிடும். ஐந்தாவதிலேயே மிதித்துக்கொண்டிருந்தால் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். போகும்போது, அதாவது இறக்கத்தில், தயவுசெய்து நியூட்ரல் போடாதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று சொல்வது தப்பு. கியரில் இறங்கும்போது இந்தக் காலத்து எஞ்சின் பெட்ரோலை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் குடிக்கும். அந்த இறக்கத்தில் பிரேக் சூடேறிப் போன லாரிகளின் கதை நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக் வாங்கினால், ஏஎம்டி என்கிற தானாகக் கியர் மாற்றும் பெட்டியில் மேனுவல் நிலைக்கு மாற்றிக் கியரைக் குறைத்து இறங்கப் பழகுங்கள்.

சிஎன்ஜி, அதாவது கேஸ் வண்டி, எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெட்ரோல் 100 ரூபாய், கேஸ் கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் 18, கேஸில் 26 ஓடினால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம். கேஸ் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 90 ஆயிரத்தைத் திரும்ப எடுக்க 45 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், உங்களுக்கு மூன்று வருஷம். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிசையரில் கேஸ் சிலிண்டர் டிக்கிக்குள் படுத்துக்கொள்ளும், 82 குதிரைத்திறன் 70 ஆகிவிடும். டிக்கிக்காகச் செடான் வாங்கி, அந்த டிக்கியைச் சிலிண்டருக்கு வாடகைக்கு விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. டிகோரில் இரண்டு சின்ன சிலிண்டரை டிக்கித் தரைக்கு அடியில் வைத்துக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள், கேஸ்தான் வேண்டுமென்றால் அதைப் பாருங்கள்.

பாதுகாப்பில் ஒரு எச்சரிக்கை. டிசையர் 5 ஸ்டார் வாங்கியது 2024 நவம்பரில் வந்த புது மாடல். ஸ்டார் கொடுப்பது குளோபல் என்கேப் என்கிற அமைப்பு, வண்டியை மோதவிட்டுப் பார்த்து. அதற்கு முந்தைய மாடல் அவர்கள் சோதனையில் 2 ஸ்டார்தான். பேர் ஒன்று, வண்டி வேறு. யாராவது பழைய டிசையரைக் காட்டி "5 ஸ்டார் வண்டி" என்று விற்க வந்தால் ஏமாறாதீர்கள்.

பணம். 10 லட்சம் கையில் என்றால் 10 லட்சம் விலைபோட்ட வண்டியைப் பார்க்கக் கூடாது. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். ஷோரூம் விலை 8.5 லட்சம் என்றால் வரி 1,10,500. இன்சூரன்ஸ் ஒரு 40 ஆயிரம். முடிந்தது உங்கள் 10 லட்சம். கடனோ நகையோ சேர்த்து மேல் மாடல் எடுக்கலாம் என்று சபலம் வந்தால் இதையும் பாருங்கள்: 10 லட்சத்தைத் தாண்டினால் வரி 18 சதவீதம். 9.95 லட்சம் வண்டிக்கு வரி 1.29 லட்சம், 10.05 லட்சம் வண்டிக்கு 1.81 லட்சம். 10 ஆயிரம் ரூபாய் கூடுதல் வசதிக்கு 51 ஆயிரத்துக்கு மேல் கூடுதல் வரி. இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வெளியே ஒரு விலை வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள். உடனே குறைப்பார்கள்.

என் தீர்ப்பு: நடு மேடு ஸ்கேல் சோதனையில் தேறினால், டிசையர் பெட்ரோல், மேனுவல், நடு மாடல். தினசரி ஓட்டம் உங்களுக்கு அதிகம், சர்வீஸும் சாமானும் நம் ஊரிலேயே கிடைக்கும். விற்கப் போனாலும் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். டாக்ஸி மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், டாக்ஸிக்காரர் கணக்குத் தெரியாமலா அந்த வண்டியை வாங்குகிறார்? மேடு 10, 11 என்று நடுவில் நின்றால், கொஞ்சம் கூட உயரம் உள்ள அமேஸ்.

டெஸ்ட் டிரைவுக்கு வண்டியை உங்கள் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், ஷோரூம் வாசலில் ஒரு சுற்று போதாது. 5 பேரும் ஏறி அந்தப் பாதையில் ஒரு தடவை போய் வாருங்கள். கொழுந்தனாரைப் பின் சீட்டில் நடுவில் உட்கார வையுங்கள்.