நூறு வயசு ஆனால் போதுமா?

கேள்வி: எங்கள் ஊர்ச் சத்திரத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. மழை பெய்தால் ஒழுகுகிறது, கைப்பிடிச் சுவரில் அரசமரம் முளைத்திருக்கிறது. ‘பழுதடைந்த கட்டடம்’ என்று போர்டு வைத்துவிட்டு, இடித்து வணிக வளாகம் கட்டப்போகிறார்களாம். இத்தனை பழைய கட்டடத்தை இடிக்கச் சட்டம் விடுமா?
– வாசகி, மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: விடும், அதுதான் கொடுமை. வயசு ஆனதாலேயே ஒரு கட்டடத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. பழஞ்சின்னங்களுக்கான தமிழ்நாட்டின் 1966-ஆம் வருஷச் சட்டப்படி அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருக்க வேண்டும். 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் வந்தது, அதிலும் பட்டியலில் பெயர் ஏறினால்தான் உண்டு.

அதனால் முதலில் ‘பழுதடைந்தது’ என்று முடிவுசெய்த காகிதத்தைப் பிடியுங்கள். யார் வந்து பார்த்தார்கள், எந்தச் சுவர் எந்த உத்திரம் போச்சு என்று எழுதியிருக்கிறார்கள்? பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். பழைய தஞ்சை ஜில்லாவில் மராட்டிய ராஜாக்கள் கட்டிய சத்திரங்களுக்கென்று கலெக்டரின் கீழ் தனி நிர்வாகமே உண்டு, ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் மாதிரி. உங்களுடையதும் அந்த வகையாக இருந்தால் நகராட்சி தன் இஷ்டத்துக்குக் கடப்பாரை எடுக்க முடியாது.

ஒழுகலுக்கு வருவோம். மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் தேக்கு உத்திரத்துக்கு மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கு நிறுத்தி, அதன்மேல் சுண்ணாம்புக் காரை போட்டிருப்பார்கள். அரசங்கன்றை வருஷா வருஷம் மேலே மட்டும் வெட்டிவிடுவார்கள், வேர் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், அந்தப் பிளவில்தான் தண்ணீர் இறங்கும். போதாக்குறைக்கு யாரோ புண்ணியவான் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசியிருப்பார். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உள்ளுக்குள் பொரிந்து உதிரும். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்பைப் பூசலாம், உளுத்த உத்திரத்தை மட்டும் மாற்றலாம். அந்த வேலை தெரிந்த ஆளைக் கூட்டிவந்து, இப்படிச் சரிசெய்யலாம் என்று எழுத்தில் வாங்கி, இடிக்க வேண்டாம் என்று நீங்கள் கொடுக்கும் மனுவோடு வையுங்கள்.

அப்புறம் ஒன்று. சென்னை அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள், பாரம்பரிய ஆர்வலர்கள் வழக்குப் போட்டு நிறுத்தினார்கள், 2010-ல் இடிக்கக்கூடாது என்று தீர்ப்பும் வந்தது. அதன்பிறகும் அது வருஷக்கணக்கில் பாழடைந்துதான் கிடந்தது. ஆள் புழங்காத கட்டடத்துக்குத் தீர்ப்பு என்ன செய்யும்? தஞ்சாவூரில் பழைய கலெக்டர் ஆபீஸை அருங்காட்சியகம் ஆக்கியதால் அங்கே தினமும் கதவு திறக்கிறது. உங்கள் ஊர் நூலகம் வாடகைக் கட்டடத்தில் இருக்கிறதா? அதைச் சத்திரத்துக்கு மாற்றச் சொல்லியும் அந்த மனுவிலேயே எழுதுங்கள்.