‘சோப்ரானோஸ்’ கடைசி எபிசோட்: கறுப்புத் திரை பற்றிய கேள்வி பதில்

அமெரிக்க டிவி சேனலான எச்பிஓவில் வந்த, நியூஜெர்சி மாஃபியா தலைவன் டோனி சோப்ரானோவின் கதையான ‘தி சோப்ரானோஸ்’ தொடரின் 86ஆவது எபிசோடான ‘மேட் இன் அமெரிக்கா’ (2007 ஜூன் 10) பற்றி வந்த கேள்விகள் இவை. தொடரை இன்னும் முடிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே முடிவு முழுக்க இருக்கிறது.

கேள்வி: சார், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். டோனி செத்தானா, இல்லையா?

டோனி குடும்பத்தோடு ஒரு உணவகத்தில் இருக்கும்போது திரை திடீரென்று கறுப்பாகிவிடுகிறது. செத்தான் என்பதுதான் என் முடிவு. அதற்கான ஆதாரம் வசனத்தில் இல்லை, ஷாட்கள் அடுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

கேள்வி: அந்த அடுக்கைக் கொஞ்சம் விளக்க முடியுமா? எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

நியூஜெர்சியின் புளூம்ஃபீல்டில் உள்ள ஹோல்ஸ்டன்ஸ் என்ற அந்த உணவகத்துக்குள் டோனி வருவதிலிருந்து ஆரம்பியுங்கள். வாசலில் நின்று உள்ளே பார்க்கிறான். அடுத்த ஷாட் அவன் கண்ணில் படுவது. ஆனால் அதிலேயே அவன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறான். நடந்துபோய் உட்காருவதைக் காட்டவில்லை. தன்னைத் தானே பார்ப்பதுபோன்ற இந்தக் கட், இனி யார் கண்ணால் பார்க்கப்போகிறோம் என்பதை முதலிலேயே நமக்குப் பழக்கிவிடுகிறது.

பிறகு கதவு மணியைக் காதில் வாங்குங்கள். மணி அடிக்கும், டோனி நிமிர்வான், உள்ளே வருபவரை அவன் பார்வையில் காட்டுவார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண், அப்புறம் மனைவி கார்மெலா, அப்புறம் மகன் ஏ.ஜே. என்று இதே வரிசை திரும்பத் திரும்ப வரும். கடைசி முறையும் மணி அடிக்கிறது, டோனி நிமிர்கிறான். அவன் பார்ப்பது வரவேண்டிய இடத்தில் வருவது கறுப்பு. அதுவும் அவன் பார்வை ஷாட்தான். அவனுக்குப் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

சத்தமில்லாத ஒரு தடவை, சத்தத்தோடு ஒரு தடவை பாருங்கள். மணிதான் அந்தக் காட்சியின் தாளம் என்பது அப்போது புரியும்.

கேள்வி: கவுண்டரில் உட்காரும் அந்த ஜாக்கெட் ஆசாமி கொலையாளியா, வெறும் கஸ்டமரா?

அவன் பெயரைக்கூடத் தொடர் சொல்லவில்லை. ஏ.ஜே.க்கு ஒரு அடி முன்னால் நுழைகிறான், டோனி பக்கம் பார்க்கிறான், கழிவறைக்குப் போகிறான். போட்டிருப்பது ‘மெம்பர்ஸ் ஒன்லி’ என்ற பிராண்டு ஜாக்கெட். ஆறாவது சீசனின் முதல் எபிசோடின் பெயரும் அதுவே, அதன் முடிவில்தான் பெரியப்பா ஜூனியர் டோனியைச் சுடுகிறார். ‘காட்ஃபாதர்’ படத்தில் மைக்கேல் கழிவறையிலிருந்து துப்பாக்கி எடுத்துவரும் காட்சி டோனிக்கு ரொம்பப் பிடித்தது என்று ஏ.ஜே. முன்பே ஒரு எபிசோடில் சொல்லியிருக்கிறான். இதெல்லாம் வேண்டுமென்றே வைத்தது. ஆனால் தொப்பிக்காரர், மற்ற மேஜைக்காரர்கள் என்று எல்லோரையும் சந்தேகிப்பது வீண்வேலை. டோனிக்கு எல்லா முகமும் சந்தேகத்துக்குரியதுதான். அந்தப் பயத்தைத்தான் நமக்கும் தருகிறார்கள்.

கேள்வி: டோனியின் மகள் மெடோ கார் நிறுத்துவதை ஏன் இவ்வளவு இழுத்தார்கள்?

பதற்றத்துக்காக. அவள் திரும்பத் திரும்ப ரிவர்ஸ் எடுக்கிறாள், இடையிடையே மேஜையில் ஆனியன் ரிங்ஸ் சாப்பிடுகிறார்கள். உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை, வெளியே சக்கரம் நடைபாதை ஓரத்தில் இடிக்கிறது. அவ்வளவுதான், நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

கேள்வி: பாட்டு பாதியில் அறுந்ததும் கேபிள் போய்விட்டது என்று நிறையப் பேர் நினைத்தார்களாமே?

ஆமாம். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் ஜர்னி குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாட்டு ‘டோன்ட் ஸ்டாப் பிலீவிங்’, ‘ஸ்டாப்’ என்ற சொல்லில் வெட்டுப்படுகிறது. பிறகு சுமார் 10 விநாடி படமும் இல்லை, ஒலியும் இல்லை. அதற்கப்புறம் வரும் பெயர்ப் பட்டியலும் இசையில்லாமல் ஓடுகிறது. வழக்கமாக இந்தத் தொடரில் அந்த இடத்தில் ஒரு பாட்டு இருக்கும். தொடரை உருவாக்கிய டேவிட் சேஸுக்குப் பெயர்களே வேண்டாம், கடைசிவரை கறுப்பாகவே விட வேண்டும் என்று ஆசை. இயக்குநர்கள் சங்கம் விதிவிலக்கு தரவில்லை.

கேள்வி: அப்போது விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

அன்றிரவு பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 19 லட்சம் பேர். ஏமாற்றிவிட்டார்கள் என்று ரசிகர்களில் ஒரு பெரிய பகுதி கொதித்தது. விமர்சகர்களில் பலர் துணிச்சலைப் பாராட்டினார்கள். சேஸ் மறுநாளே ‘ஸ்டார் லெட்ஜர்’ பத்திரிகையிடம், திரையில் இருப்பதற்கு விளக்கம் சொல்லும் எண்ணமில்லை என்றார். டோனி தன் வீட்டு வாசலில் குனிந்து எடுக்கும் பேப்பர் அதுதான். அந்த வருட எம்மியில் சிறந்த டிராமா தொடர் விருதும், இந்த எபிசோடுக்காக சேஸுக்கு எழுத்து விருதும் கிடைத்தன. இயக்கத்துக்கான விருது இதே சீசனின் ‘கென்னடி அண்ட் ஹெய்டி’க்குப் போனது.

கேள்வி: சேஸ் பிற்பாடு ஒப்புக்கொண்டார் என்கிறார்களே?

முதலில் மனதில் இருந்தது வேறு காட்சி என்று 2021இல் சொன்னார். அதில் டோனி ஒரு சந்திப்புக்காக நியூயார்க் போகிறான், அங்கே அவனுக்கு முடிவு. பிறகு வழியில் ஒரு சிறு உணவகத்தைப் பார்த்ததும் அதை மாற்றிக்கொண்டாராம். இதை வைத்து எல்லாம் தீர்ந்தது என்று சொல்லக்கூடாது. கைவிட்ட திட்டத்தைவிடப் படமாக்கியதற்குத்தான் எடை அதிகம்.

கேள்வி: கடைசி ஐந்து நிமிடம் தவிர இந்த எபிசோடில் என்ன இருக்கிறது?

ஜூனியர் காட்சி இருக்கிறது. எனக்கு முடிவைவிட அதுதான் பெரிது. நினைவு தவறிய ஜூனியரிடம், நீங்களும் அப்பாவும் சேர்ந்து வடக்கு ஜெர்சியையே கையில் வைத்திருந்தீர்கள் என்கிறான் டோனி. அப்படியா, நல்லது என்று யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்டதுபோல் ஜூனியர் தலையாட்டுகிறார். இத்தனை கொலையும் எந்த அதிகாரத்துக்காகவோ, அது ஒருவரின் நினைவில்கூடத் தங்கவில்லை. இந்தக் காட்சியைத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள்.

கேள்வி: மறுபடி பார்க்கப்போகிறேன். முழுத் தொடருக்கு நேரமில்லை, எதையெல்லாம் முதலில் பார்க்கலாம்?

மூன்று போதும். ஆறாவது சீசனின் ‘மெம்பர்ஸ் ஒன்லி’, பிறகு ‘சோப்ரானோ ஹோம் மூவீஸ்’, பிறகு ‘தி ப்ளூ காமெட்’. இரண்டாவதில், அந்த நேரம் வரும்போது சத்தம்கூடக் கேட்காது போல என்று படகில் உட்கார்ந்து சாவைப் பற்றிப் பேசும்போது டோனியின் அக்கா கணவன் பாபி சொல்வான். மூன்றாவதின் முடிவில் டோனி அதை நினைத்துக்கொள்வான். நேரம் இருந்தால் முதல் சீசனின் கடைசி எபிசோடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல நேரங்களை நினைவில் வையுங்கள் என்று டோனி சொல்வது அங்கேதான். ஹோல்ஸ்டன்ஸில் ஏ.ஜே. அதையே திருப்பிச் சொல்லும்போது டோனிக்கே ஞாபகம் இல்லை.