வாங்கினது சரியா? கேள்வி-பதில்

கேள்வி: அண்ணாச்சி, ஷோகேஸில் வைக்க ஆன்லைனில் ஜெர்மன் லூகர் பிஸ்டல் பொம்மை வாங்கினேன். உள்ளங்கை அளவுதான் வந்தது. படத்தில் பெரிதாக இருந்தது. கீழே 11 செ.மீ. என்று போட்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். (வள்ளியூர்)

பதில்: அசல் லூகர் சுமார் 22 செ.மீ. நீங்கள் வாங்கியது அதில் பாதி, அதையும் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். வீட்டில் ஸ்கேல் இல்லையா?

கேள்வி: பழம்பொருள் விற்பவர் ஒருவர், "வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட துப்பாக்கி, குழலை மட்டும் அடைத்திருக்கிறது" என்று 18,000 ரூபாய்க்குக் கொடுத்தார். பின்பக்கம் இரண்டு குமிழ். இழுத்தால் முட்டி மடக்கினது போல மேலே எழும்புகிறது. ரசீது இல்லை, ஜிபேயில் அனுப்பினேன். ஏமாந்துவிட்டேனா? (களக்காடு)

பதில்: ஏமாற்றியிருக்கிறார்கள், வெட்கப்பட வேண்டியது விற்றவர்தான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்துக்கு வாஞ்சி கொண்டுபோனது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். அதில் மேல்பாகம் நேராகப் பின்னால் போய் நேராக முன்னால் வரும், முட்டி மடக்குகிற வேலையே கிடையாது.

அந்த மடக்கு, ஜெர்மன் ராணுவம் 1908-இல் எடுத்துக்கொண்ட லூகருக்கு உரியது. காலை நீட்டி முட்டியை விறைத்துக்கொண்டால் பாதத்தைத் தள்ளி மடக்க முடியாதல்லவா, அதே கணக்கு. சுட்டதும் குழலும், அதன் பின்வாயை மூடியிருக்கும் அடைப்பானும் சேர்ந்தே கொஞ்சம் பின்னால் நகரும். முட்டி நேராக இருக்கிறவரை பூட்டு. அப்புறம் அந்தக் குமிழ்கள் சரிவில் மோதி, முட்டி மேலே மடங்கும். பூட்டு விட்டதும் அடைப்பான் பின்னால் ஓடும், வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும். கைப்பிடிக்குள் இருக்கும் சுருள்வில் திரும்ப மூடும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும்.

உங்களுடையது அசல் லூகராகவாவது இருக்குமா? காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் துத்தநாகக் கலவையில் வார்த்த பொம்மை. அசல் எஃகு, சின்னச் சின்ன உறுப்புகளில்கூட வரிசை எண்ணின் கடைசி இலக்கங்களைப் பொறித்திருப்பார்கள். சேகரிக்கிறவர்கள் அந்த எண்கள் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் காசை எடுப்பார்கள்.

நம்மூரில் கதைக்குத்தான் காசு. துருப்பிடித்த கத்தியெல்லாம் கட்டபொம்மன் கத்தி, நசுங்கின செம்பெல்லாம் ஜமீன் செம்பு. நானும் 1998-இல் ஜங்ஷன் பக்கம் "ஜமீன் வீட்டுக் கடிகாரம்" ஒன்றை 3,500 ரூபாய்க்குத் தூக்கிவந்தேன். பெண்டுலம் அழகாக ஆடியது. ஆறு மாதத்தில் நின்றது. பின்மூடியைத் திறந்தால் உள்ளே பென்சில் பேட்டரி. வீட்டில் இன்னும் மணி கேட்டால் சிரிக்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். பொம்மை என்றால் ஜிபே பதிவையும் அவர் அனுப்பிய மெசேஜ்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. காந்தம் ஒட்டி, எண்களும் இருந்தால் உடனே போலீஸுக்குச் சொல்லிவிடுங்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் ஆயுதச் சட்டம் 45(சி) விலக்கு தருகிறது. குழலில் எதையோ அடைத்துவைத்தால் போதாது.

கேள்வி: தாத்தா பட்டாளத்தில் இருந்தவர். பரணில் அவர் பெட்டியில் ஒரு பிஸ்டல். ஆன்லைனில் போட்டால் நல்ல விலை போகுமாமே? மேகசினைக் கழற்றிவிட்டேன், பயமில்லை. (அம்பாசமுத்திரம்)

பதில்: பயம் இருக்கிறது. மேகசின் போனாலும் குழலில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். இனி தொடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், இதில் விளம்பரம் வேறா? ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அதற்காக மஞ்சப்பையில் போட்டு பஸ் ஏறிவிடாதீர்கள். ஸ்டேஷனுக்குப் போன் செய்து வரச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய துப்பாக்கியின் மங்கின நீலப்பூச்சைப் பாலீஷ் போட்டால் விலை கூடுமா? (தாழையூத்து)

பதில்: குறையும். புளி போட்டுத் தேய்க்க அது குத்துவிளக்கு இல்லை.

கேள்வி: பேரனுக்கு வாங்கின ரோல் கேப் துப்பாக்கி முதல் நாளே குதிரை ஒடிந்துவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் இருப்பதாகக் கடைக்காரர் விரட்டுகிறார். (பாளையங்கோட்டை)

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாதம்மா. பில்லில் வேறு கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்ள மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அந்த பில்லையே எடுத்துக்கொண்டு போங்கள், பேரனையும் கூட்டிக்கொண்டு.