லினக்ஸ் லேப்டாப்பில் வன்தட்டுக் குறியாக்கம்: சாதாரண ஆட்கள் பயமில்லாமல் பயன்படுத்த என்ன வழி?

கேள்வி கேட்டவர் தன் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடப்போகிறார். நிறுவும்போது வன்தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யும், அதாவது சாவி இல்லாமல் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டும், தெரிவைப் பார்த்திருக்கிறார். பாஸ்வேர்ட் மறந்தால் எல்லாமே போய்விடுமாமே, என்னைப் போன்ற சாதாரண ஆளுக்கு இது தேவையா, இதை இன்னும் லேசாக்க முடியாதா என்பது அவருடைய கேள்வி.

தேவைதான். லேசாக்கவும் முடியும். ஆனால் அந்த மறதிப் பயத்துக்கு வழி சொல்லாமல் வேறு எதை லேசாக்கினாலும் பயனில்லை.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் பழைய லேப்டாப்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். வாங்குபவர்கள் பெரும்பாலும் உயர்தரம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள், டியூஷன் ஆசிரியர்கள், கொமியூனிகேஷன் கடைக்காரர்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றபிறகு, விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்கள் இன்னும் அதிகமாக வருகின்றன.

அதற்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு தங்கச்சி, லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரங்கள் என்று ஏறக்குறைய நாற்பது குடும்பங்களின் ஆவணங்களை ஸ்கேன் செய்து லேப்டாப்பில் வைத்திருந்தார். ஒருநாள் நுவரெலியா பஸ்ஸில் பையை மேல் தட்டில் வைத்துவிட்டு, தலவாக்கலையில் இறங்கிவிட்டார். பை திரும்பக் கிடைக்கவில்லை.

"அண்ணே, பாஸ்வேர்ட் போட்டுத்தானே வச்சிருந்தேன், தொறக்க முடியாதுல்ல?" என்று கேட்டார்.

முடியும் என்று சொல்ல வேண்டியிருந்தது. உள்நுழையும்போது கேட்கும் கடவுச்சொல் வாசலில் நிற்கும் காவல் மட்டும்தான். ஒரு லினக்ஸ் பென்டிரைவைச் செருகி இயக்கினால், அல்லது வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், உள்ளே இருப்பதெல்லாம் திறந்த புத்தகம். அந்தப் பிள்ளை லயம் லயமாக ஏறி இறங்கி, உங்கள் பேப்பர் தொலைந்துவிட்டது, யாராவது உங்கள் பெயரில் எதையாவது எடுத்தால் கவனியுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார். அந்த லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்டவன் நான். குறியாக்கப் பெட்டியில் டிக் வைக்காமல் விட்டவனும் நான்.

ஏன் விட்டேன் என்றால், அதற்கும் முன்பு ஒருவருக்குக் குறியாக்கம் செய்து கொடுத்தேன். அவர் சில மாதங்களில் கடவுச்சொல்லை மறந்துவிட்டார். காலஞ்சென்ற தகப்பனின் படங்கள் அதற்குள் இருந்தன. என்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை, வேறு யாராலும் முடியாது. அன்றிலிருந்து குறியாக்கமே வேண்டாம் என்று இருந்தேன். இரண்டு பேருக்கும் தேவைப்பட்டது ஒரே பொருள் என்பது பிறகுதான் புரிந்தது: கணினிக்கு வெளியே, பத்திரமான இடத்தில், இன்னொரு சாவி.

இங்கே லினக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். லினக்ஸில் இதற்கான முறையின் பெயர் லக்ஸ். உங்கள் தரவை நேரடியாகப் பூட்டுவது நீங்கள் தட்டும் கடவுச்சொல் இல்லை. நிறுவும்போதே கணினி தானாக ஒரு நீண்ட முதன்மைச் சாவியை உருவாக்கி, அதைக்கொண்டு எல்லாவற்றையும் குறியாக்குகிறது. அந்த முதன்மைச் சாவி குறியாக்கிய பகுதியின் தொடக்கத்தில் ஒரு சிறிய அறைக்குள் பூட்டப்பட்டிருக்கும். உங்கள் கடவுச்சொல் திறப்பது அந்தச் சிறிய அறையைத்தான். இப்படிப்பட்ட அறைகள் லக்ஸின் முதல் பதிப்பில் 8, இப்போதுள்ள லக்ஸ்2இல் 32 வரை வைக்கலாம். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிக் கடவுச்சொல், உள்ளே இருப்பது ஒரே முதன்மைச் சாவி. அதனால்தான் கடவுச்சொல்லை மாற்ற ஒரு நிமிடம் போதும், வன்தட்டு முழுவதையும் திரும்பக் குறியாக்க வேண்டியதில்லை. அதனால்தான் நீங்கள் மறந்தாலும் திறக்கக்கூடிய இரண்டாவது சாவியை இன்றே உருவாக்கவும் முடியும்.

நிறுவி முடித்த அன்றே, டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரையில்) கிரிப்ட்செட்டப் கருவியின் லக்ஸ்-ஆட்-கீ (cryptsetup luksAddKey) கட்டளையைக் கொடுத்து நீளமான இரண்டாவது கடவுச்சொல்லைச் சேர்த்துவிடுங்கள். அதைத் தாளில் தெளிவான எழுத்தில் எழுதுங்கள். கைபேசியில் படம் எடுத்து வைக்காதீர்கள், தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அந்தத் தாள் எங்கே போக வேண்டும்? எங்கள் வீடுகளில் அதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. அம்மாவின் தகரப் பெட்டி.

மலையகத்தில் அந்தப் பெட்டிக்கு இருக்கும் மதிப்பு வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இந்த மண்ணில் பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்டத்தில் தலைமுறையாக உழைத்தவர்களிடம் காகிதம் இல்லை, அதனால் பிரஜாவுரிமையும் இல்லாமல் போனது. மிச்சமிருந்தவர்களின் நாடற்ற நிலையை முடிக்க 2003இல் தனிச்சட்டம் வரவேண்டியிருந்தது. அதனால்தான் எங்கள் அம்மாமார் அடைமழையில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் முதலில் தூக்குவது அந்தப் பெட்டியைத்தான். கணினிச் சாவிக்கு அதைவிடப் பாதுகாப்பான இடத்தை எந்த மென்பொருளும் தரப்போவதில்லை. லேப்டாப்பைத் திருடுபவன் கையில் அந்தப் பெட்டி இருக்காது. பெட்டியைத் திறப்பவருக்கு அந்தத் தாளை வைத்து எதுவும் செய்ய லேப்டாப் வேண்டும்.

கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும் என்பதில் நம் ஆட்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. கணினி எழும்பும்போது கேட்கும் திரைக்குத் தமிழ்99 போன்ற தமிழ் விசைப்பலகை தெரியாது. அங்கே ஆங்கில எழுத்துதான். சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினால் நினைவில் நிற்கும், மற்றவருக்கு ஊகிக்கவும் கடினம். ஆனால் "மழை" என்பதை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள். எந்த எழுத்துக்கூட்டில் போட்டீர்களோ அதையே தாளில் எழுத வேண்டும். குறியீடுகளைத் தவிருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த லேப்டாப் சிலவற்றில் பிரித்தானிய விசைப்பலகை இருக்கும். அதில் மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறியும் இரட்டை மேற்கோளும் அமெரிக்க விசைப்பலகைக்கு எதிராக இடம் மாறி இருக்கும். தட்டும்போது திரையில் எழுத்துத் தெரியாது என்பதால், சரியாகத் தட்டியும் திறக்கவில்லையே என்று பதறி என்னிடம் வந்தவர்கள் உண்டு. சிறிய எழுத்தும் இலக்கமும் போதும், நீளம்தான் பலம்.

வேகம் குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓரளவு புதிய சிப்களில் குறியாக்கக் கணக்கைச் செய்யத் தனி வசதி உண்டு, வித்தியாசம் தெரியாது. மிகப் பழைய ஐ3, செலரான் சிலவற்றில் அது இல்லை, கொஞ்சம் தெரியும். கிரிப்ட்செட்டப்பின் பெஞ்ச்மார்க் கட்டளை உங்கள் கணினியின் வேகத்தைக் காட்டிவிடும்.

இதைவிட முக்கியமானது, லேப்டாப் முழுதாக அணைந்திருக்கும்போதுதான் குறியாக்கம் காப்பாற்றும். மூடியை மட்டும் மூடி உறங்க வைத்தால் சாவி நினைவகத்திலேயே இருக்கும். பஸ் ஏறுமுன் ஷட்டவுன் செய்யுங்கள்.

சாவிகளைத் தனக்குள் பத்திரமாக வைக்கும் டி.பி.எம். 2.0 சிப் உள்ள கணினியில் கடவுச்சொல் தட்டாமலே வன்தட்டைத் திறக்க வைக்கலாம். லினக்ஸைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி மென்பொருளின் 248ஆம் பதிப்பிலிருந்து அதற்கான கருவி இருக்கிறது. வசதிதான். ஆனால் பயோஸை (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ அந்தச் சிப் சாவியைத் தர மறுக்கலாம். அப்போதும் தகரப் பெட்டித் தாள்தான் கை கொடுக்கும். அதே கருவி மீட்புச் சாவி ஒன்றையும் தானே உருவாக்கித் தரும்: பெரும்பாலான விசைப்பலகைகளில் இடம் மாறாத 16 எழுத்துகளை மட்டும் வைத்து, எட்டெட்டாகப் பிரித்து, கியூஆர் குறியோடு. இதைச் செய்தவர்கள் சாதாரண ஆட்களை நினைத்திருக்கிறார்கள். ஆனால் அதை டெர்மினலுக்குள் வைத்துவிட்டார்கள்.

என் ஆதங்கம் அதுதான். மின்ட் நிறுவியில் குறியாக்கம் "மேம்பட்ட வசதிகள்" என்ற பொத்தானுக்குப் பின்னால் இருக்கிறது. முன்பள்ளி ஆசிரியை தன்னை மேம்பட்ட பயனர் என்று நினைத்து அதை அழுத்துவாரா? ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் கைபேசிகளில் குறியாக்கம் கட்டாயம். அதே தங்கச்சியின் கைபேசி அவருக்குத் தெரியாமலே பூட்டியிருந்தது, லேப்டாப் மட்டும் திறந்து கிடந்தது. லினக்ஸ் நிறுவிகள் இந்தக் கேள்வியை முன்பக்கத்தில் கேட்க வேண்டும். நல்ல தமிழில் கேட்க வேண்டும். மீட்புச் சாவியைத் திரையில் காட்டி, தாளில் எழுதச் சொல்லி, அந்தத் தாளைப் பார்த்து ஒருமுறை தட்டினால்தான் அடுத்த படிக்கு விட வேண்டும். வன்தட்டுகளைக் கையாளும் டிஸ்க்ஸ் செயலியில் கடவுச்சொல்லை மாற்றும் பொத்தான் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே "இன்னொரு சாவி சேர்" என்றும் ஒன்று இருக்கட்டும்.

ஏற்கெனவே லினக்ஸ் ஓடும் கணினியைப் பின்னால் குறியாக்கவும் முடியும். இருந்தாலும் பற்றரி செத்த லேப்டாப்பில், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். கோப்புகளை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். எந்தச் சாவியும் வன்தட்டு பழுதானதிலிருந்து காப்பாற்றாது, ஆகவே அந்த வெளிப் பிரதியை அழித்துவிடாதீர்கள். அதையும் ஒரு குறியாக்கிய பென்டிரைவில் வையுங்கள்.

இப்போது நான் எந்த லேப்டாப்பையும் குறியாக்கம் இல்லாமல் கொடுப்பதில்லை. வாங்க வருபவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கணினியை அணைத்துப் போட்டு, தாளில் எழுதிய சாவியைப் பார்த்து அவரையே தட்டச் சொல்கிறேன். திறந்த பிறகுதான் சார்ஜரைப் பையில் வைக்கிறேன். அந்தத் தங்கச்சி புது லேப்டாப்புக்கு வந்தபோது தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். தாளை நான்காக மடித்து வாங்கிக்கொண்டது அம்மாதான்.